வெறும் வயிற்றில் முதல் தட்டு

"துப்புங்க அண்ணி! துப்புங்க!"

அண்ணியின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்டத் தொங்கினேன். கரண்டி அவள் உதட்டைத் தாண்டிவிட்டது. கொதிக்கும் அண்டாவிலிருந்து ஆவி எழும்பி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மூடியது. அந்த ஆவிக்குள் அவள் கண்கள் மட்டும் என்னை எரித்துவிடுவது போல் பார்த்தன. அடுத்த நொடி ஞாபகம் வந்துவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டுப் பாத்திரத் தொட்டிக்கு ஓடினாள். துப்பினாள். கொப்பளித்தாள். மறுபடி துப்பினாள்.

நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உள்ளே போச்சா?"

"போகலை."

"நிஜமா?"

"போகலைடி! உள்ளே போடான்னு கெஞ்சினாலும் போகாத தொண்டை. இன்னைக்கு மட்டும் ஓடிப் போயிடுமா?"

"அப்புறம் எதுக்கு வாயில வெச்சீங்க?"

"நானா வெச்சேன்? கை தானாப் போகுது. இருபது வருஷப் பழக்கம்."

"கையைக் கட்டிப் போடவா?"

"கட்டு. கட்டிட்டு அறுநூறு பேருக்கு நீயே சமை."

மணி காலை ஐந்து ஐம்பது. டயர் தொழிற்சாலையின் கேன்டீன் சமையலறை. இரவு ஷிப்ட் வெளியே வந்து, பகல் ஷிப்ட் உள்ளே போகும் அந்த அரை மணி நேரத்தில் அறுநூறு பேர் சாப்பிட்டாக வேண்டும். மூன்று அண்டாவில் பயறும் காய்கறியும் போட்ட சூப், அடுப்பில் ரொட்டி. அண்ணி தலைமைச் சமையல்காரி. நான் இரண்டாவது சமையல்காரி. வீட்டில் அவள் என் அண்ணன் மனைவி; நான் நாத்தனார். வீட்டில் நான் போடும் ஆட்டத்துக்கு இங்கே அவள் வட்டியோடு பழிவாங்குவாள்.

ஸ்டோர் ரூம் கதவின் உள்பக்கம் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. மாவு எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று இன்று விடியும் முன் அண்ணியே ஒட்டியது. முந்தின இரவு பத்து மணிக்கு மேல் உணவு கூடாது. தண்ணீர் கூடாது. மிட்டாய், சூயிங்கம், சிகரெட் கூடாது. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. வியாழக்கிழமை காலை 9.30க்கு எக்ஸ்ரே பிரிவுக்கு வெறும் வயிற்றோடு வரவும். 'வெறும்' என்ற சொல்லின் கீழே யாரோ சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

அந்த இரண்டு கோட்டுக்குக் காரணம் உண்டு. ஐந்து வாரம் முன்பு ஒரு தடவை போயிருக்கிறாள். வயிற்றில் ரொட்டியோடு போயிருக்கிறாள். படத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா ரெண்டு மாசம் ஆகும்மா. உங்க தொண்டைக்கு ரெண்டு மாசம் டைம் இருக்கான்னு டாக்டர் சந்தேகப்படறார்" என்று சொன்னார்களாம். இதெல்லாம் எனக்கு நேற்றுச் சாயங்காலம்தான் தெரியும். லோடு ஏற்றிக்கொண்டு பத்து நாள் பயணம் போயிருக்கிற என் அண்ணனுக்கு இன்னும் தெரியாது. சொன்னால் லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்து நிற்பான்.

மூன்று மாதமாகவே அவளுக்கு விழுங்க முடியவில்லை. முதலில் ரொட்டி நெஞ்சில் நின்றது. அப்புறம் சோறு. இப்போது தண்ணீரே யோசித்து யோசித்துத்தான் இறங்குகிறது. பேரியம் என்று ஒரு வெள்ளைக் கரைசலைக் குடிக்கச் சொல்லி, அது தொண்டையிலிருந்து வயிறு வரை இறங்குவதை எக்ஸ்ரே திரையில் ஓட ஓடப் பார்ப்பார்களாம். எங்கே அடைப்பு, எவ்வளவு அடைப்பு என்று அப்போது தெரிந்துவிடும்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அண்ணியால் முடியாது. அவளுக்கு முதல் தட்டு இருக்கிறது.

நாலு வருஷம் முன்பு ஒரு மத்தியானம் இந்தக் கேன்டீனில் சாப்பிட்ட தொண்ணூறு பேர் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். அப்போதிருந்த தலைமைச் சமையல்காரர் பின்கேட் வழியாகப் போனவர்தான், இன்றுவரை ஆளைக் காணோம். தொழிலாளர்கள் தட்டைத் தொட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று நாள் அடுப்பு எரிந்தது; சாப்பிட ஆளில்லை. நாலாவது நாள் அண்ணி சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தான் சமைத்ததைத் தட்டில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, ஒரு துளி விடாமல் சாப்பிட்டாள்.

"இனிமே தினமும் முதல் தட்டு என்னுது. நான் எழுந்து நடந்தா நீங்க சாப்பிடுங்க. நான் விழுந்தா நீங்க சாப்பிட வேண்டாம்" என்றாள்.

அன்றே அவள் தலையில் வெள்ளைத் தொப்பி ஏறியது. கரண்டியம்மா என்ற பேரும் வந்தது. முதல் தட்டு விதியாகிவிட்டது. தினமும் ஏழு பத்துக்கு அவள் சாப்பிடுவாள். தொழிலாளர் பிரதிநிதி எதிரே நின்று பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். பிறகு ஒரு விசில் அடிப்பார், வரிசை நகரும். அந்த விசிலுக்காகவே அவருக்கு விசில் என்று பேர். முதல் தட்டைச் சாப்பிட முடியாதவர் அந்தப் பதவியில் இருக்கக் கூடாது என்று மேனேஜர் வேறு பிற்பாடு ஒரு வரி சேர்த்து, தட்டச்சு செய்து, சுவரில் ஒட்டிவிட்டார்.

தொண்டை சரியில்லை என்று லீவுக் கடிதத்தில் எழுதினால், அன்றோடு தொப்பி போகும். அதனால் கன்னத்தில் அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். மென்றாள், கன்னத்தில் ஒதுக்கினாள், பின்பக்கத் தொட்டியில் போய்த் துப்பினாள். அப்படியும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அப்படிப் போனதுதான் ஐந்து வாரம் முன்பு அவளைத் திருப்பி அனுப்பிய ரொட்டி.

"இன்னைக்கு முதல் தட்டுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று நேற்றே கேட்டேன்.

"அதை நான் பாத்துக்கறேன். நீ என் கையை மட்டும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள்.

கையைப் பார்த்துக்கொண்டேன். அதற்குத்தான் இந்தக் குஸ்தி.

"சரி, நீ பாரு" என்று கரண்டியை என்னிடம் நீட்டினாள். "என்ன குறையுது?"

ஊதிக் குடித்தேன். "உப்பு."

"உனக்கு எப்பவும் உப்புதான் குறையும். உன் நாக்கை நம்பினா அறுநூறு பேரும் கடலைக் குடிக்கணும்."

"இன்னைக்கு என் நாக்குதான் உங்க நாக்கு. வேணுமா, வேண்டாமா?"

அண்டாவின் மேல் குனிந்து மூச்சை இழுத்தாள். மிளகு சரி, பூண்டு சரி, பயறு வெந்துவிட்டது என்பதையெல்லாம் மூக்கே சொல்லிவிட்டது. உப்பை மட்டும் மூக்கால் பிடிக்க முடியவில்லை. அவள் முகத்தில் வந்த கடுப்பைப் பார்க்க எனக்கு இருபது வருஷக் கணக்கு நேரானது போல் இருந்தது.

"அரைக் கை போடு."

"ஒரு கை."

"அரைக் கைடி!"

முக்கால் கை போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. பத்து மணி நேரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்த அடுப்புச் சூட்டில் நாங்களெல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் குடிப்போம். குழாயைக் கடக்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு முப்பத்தைந்துக்கு மேனேஜர் வந்தார்.

வழக்கமாக எட்டு மணிக்கு சென்ட் வாசனையோடு வருகிற ஆள். இன்று கூடவே ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். தலைக்கு வலை, காலுக்கு உறை, கையில் ஒரு ஃபைல். சமையலறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். தலைமை அலுவலகத்து அதிகாரி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணால் ஸ்டோர் ரூமைக் காட்டினார்.

உள்ளே போனதும் கதவைச் சாத்தப் போனார். சாத்தினால் உள்பக்கத்துச் சீட்டு அவர் மூக்குக்கு நேராக நிற்கும். ஒரே எட்டில் போய்க் கதவோடு முதுகை அழுத்திக்கொண்டு நின்றேன்.

"காத்து வரட்டும் சார். மாவு தூசி."

"அடேயப்பா, பொறுப்பு இப்பவே வந்துடுச்சு" என்று சிரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். "நல்ல காரியம் பண்ணினே."

"என்ன பண்ணினேன்?"

"என்கிட்ட என்ன வெட்கம்? படி."

கம்ப்யூட்டரில் அடித்த நாலு வரி. தலைமை அலுவலகத்துக்கு வந்த கடிதத்தின் நகல். கேன்டீன் தலைமைச் சமையல்காரி மூன்று மாதமாக முதல் தட்டை விழுங்குவதில்லை. வாயில் வைத்திருந்து வெளியே துப்புகிறார். வியாழக்கிழமை காலை நேரில் வந்து, தொழிலாளர்கள் முன்னிலையில் சோதித்துப் பார்க்கவும். கீழே கையெழுத்து இல்லை.

இன்னொரு தடவை படித்தேன்.

"சார், இது நான் எழுதலை."

"சரி சரி, நீ எழுதலை. கூடவே இருக்கறவங்களைத் தவிர யாருக்கு இது தெரியும்? ரெண்டாவது இடத்துல நாலு வருஷம் நின்னவ, முதல் இடத்துக்கு ஆசைப்பட்டா தப்பா? மத்தியானத்துக்குள்ள அந்தத் தொப்பி உன் தலையில. போ, போய் வேலையைப் பாரு."

அவர் போகும்வரை நான் கதவோடு பல்லியாக ஒட்டிக்கொண்டிருந்தேன். போனதும் சீட்டைப் பிய்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது சமையலறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. சுவருக்குக் காது மட்டும் இல்லை, வாயும் இருக்கிற இடம் இது. ரொட்டிக்காரர் தட்டோடு எதிரே வந்து குனிந்து கும்பிட்டார். "வாங்க புதுத் தலைவியம்மா! சொந்த அண்ணிக்கே குழி வெட்டின கையி, மாவு பிசைய எங்களுக்குக் கிடைச்சிருக்கே!"

"நான் எழுதலைய்யா!"

"நான் எழுதினியான்னு கேக்கவே இல்லையே."

அண்ணியிடம் ஓடினேன். அவள் மூன்றாவது அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க. அந்தம்மா உங்க முதல் தட்டைப் பாக்க வந்திருக்காங்க. எல்லாரும் நான்தான்னு நினைக்கறாங்க. நான் இல்லை அண்ணி."

"ரொட்டியை எடு. கருகுது."

"நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது. ரொட்டி கருகறது மூக்குலயும் விழுது."

"கன்னத்துல ஒதுக்கறதெல்லாம் இன்னைக்கு நடக்காது. ஒரு வாய் முழுங்கினீங்கன்னா ஆஸ்பத்திரி போச்சு. முழுங்கலைன்னா வேலை போச்சு. வாங்க, பின்கேட் வழியா இப்பவே போயிடலாம். நான் பாத்துக்கறேன் இங்கே."

அவள் கிளறுவதை நிறுத்தினாள்.

"பின்கேட் வழியாப் போனவரோட இடத்துலதான் நான் நிக்கறேன். அந்த வழி எனக்கு வேண்டாம்."

அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியாமலே ரொட்டியை எடுக்கப் போனேன்.

ஏழு பத்து.

கூடம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் கையும் முகமும் கரியாக இரவு ஷிப்ட். இன்னொரு பக்கம் துவைத்த சட்டையில் பகல் ஷிப்ட். நடுவில் கடிகாரத்துக்குக் கீழே அந்த நாற்காலி, அந்த மேஜை. மேஜையில் ஒரு தட்டு சூப், இரண்டு ரொட்டி. பதிவேடு. பக்கத்தில் விசில், கழுத்தில் விசிலோடு. அவருக்கும் விஷயம் எட்டிவிட்டது. மூக்கு நுனி சிவந்திருந்தது.

அதிகாரி அமைதியாகச் சொன்னார். "சாப்பிடுங்க. ஒவ்வொரு வாய்க்கும் அப்புறம் வாயைத் திறந்து காட்டணும். மன்னிக்கணும், புகார் அப்படி."

அண்ணி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் நெருங்கி வந்து தணிந்த குரலில் பேசினார். நான் மூன்றடி தள்ளி நின்றதால் கேட்டது. "எதுக்கும்மா இத்தனை பேர் முன்னாடி அசிங்கம்? என் ரூமுக்கு வாங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுவோம். உடம்பு முடியலைன்னு நாலு வரி எழுதிக் குடுத்துட்டு கௌரவமாப் போயிடுங்க."

"எதுக்கு உங்க ரூமு?" அண்ணியின் குரல் கூடத்தின் கடைசி மேஜை வரை போனது. "இங்கேயே நாற்காலி இருக்கு. கேக்கறதுக்குக் காதும் இருக்கு. இங்கேயே பேசுவோம்."

சலசலப்பு நின்றது.

"புகார்ல எழுதியிருக்கறது நிஜம். மூணு மாசமா எனக்கு முழுங்க முடியலை. வாயில வெச்சிருந்து பின்னாடி போய்த் துப்பினேன்."

கருந்தாடி வைத்த ஒருவர் இரவு ஷிப்ட் பக்கமிருந்து எழுந்தார். நாலு வருஷம் முன்பு ஆஸ்பத்திரியில் விழுந்த தொண்ணூறு பேரில் ஒருவர். "அப்போ மூணு மாசமா எங்களை ஏமாத்தினே, கரண்டியம்மா?"

"ஆமா."

இப்படி ஒற்றை வார்த்தையில் ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சமையல்ல ஏமாத்தலை. தட்டுல ஏமாத்தினேன். கோவப்படுங்க, நியாயம்தான். இப்ப மீதியையும் கேளுங்க. இன்னைக்கு ஒன்பதரைக்கு எனக்கு ஆஸ்பத்திரில டெஸ்ட். அடைப்பு எங்கேன்னு பாக்கறாங்க. வெறும் வயித்தோட போகணும். நேத்து ராத்திரியிலேர்ந்து தண்ணி குடிக்கலை. இந்தத் தட்டுலேர்ந்து ஒரு வாய் உள்ளே போனா, தொப்பி என்னுது. டெஸ்ட் ரெண்டு மாசம் தள்ளிப் போயிடும். அதுவரைக்கும் நான் இருப்பேனா தெரியாது. அதனால சாப்பிட மாட்டேன்."

"அப்போ தொப்பியைக் கழட்டுங்க!" என்றார் மேனேஜர்.

"அதையும் கழட்ட மாட்டேன். காலு நல்லா இருக்கு, கையி நல்லா இருக்கு, மூக்கு நல்லா இருக்கு. தொண்டைக்கு வைத்தியம் பாக்கப் போறேன். வைத்தியம் பாக்கப் போறவளோட வேலையைப் பிடுங்கணும்னா, அதை இந்தக் கூடத்துல, இவங்க முன்னாடி சொல்லிட்டுப் பிடுங்குங்க."

மேனேஜர் அறுநூறு முகங்களைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீ உக்காரு. நீ சாப்பிடு."

எல்லாக் கண்ணும் என் மேல். என் கால்கள் நாற்காலியை நோக்கி நடந்தன. எங்கோ ஒருவர் 'த்தூ' என்றார். ரொட்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். ரொட்டியைப் பிய்த்து சூப்பில் தோய்த்துத் தின்றேன். ஒவ்வொரு வாய்க்கும் அதிகாரியிடம் வாயைத் திறந்து காட்டினேன். தட்டை வழித்தேன். எழுந்தேன்.

"சாப்பிட்டாச்சு. பதிவேட்டுல தலைமைச் சமையல்காரின்னு என் பேரை எழுதினீங்கன்னா அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போடுவேன்" என்றேன் மேனேஜரிடம். "சமைச்சது அவங்க. நான் இன்னைக்கு அவங்களுக்கு நாக்கு. நாக்குக்குத் தொப்பி போட மாட்டாங்க."

"சாப்பிட்டவங்க பேர்தான் எழுதணும், அதுதான் விதி!"

"விதி போட்டது யாரு?" என்றார் விசில். அவர் அதுவரை பேசவே இல்லை. பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "நாலு வருஷம் முன்னாடி அந்த நாற்காலியை இழுத்துப் போட்டது கரண்டியம்மாதானே? நீங்க போட்டது அந்தக் கடைசி வரி மட்டும்தான் சார்." எழுத எழுதச் சத்தமாகப் படித்தார். "சமைத்தவர், கரண்டியம்மா. சாப்பிட்டுப் பார்த்தவர், அவங்க நாத்தனார். ரெண்டு பேரும் நிக்கறாங்க."

அதிகாரி பதிவேட்டைப் படித்தார். ஃபைலில் ஏதோ குறித்தார். "டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் தலைமை அலுவலகம் முடிவு பண்ணும். அதுவரைக்கும் தொப்பி இருக்கட்டும்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பது போல் மேலே பார்த்தார்.

விசில் ஊதினார். ஒரு நிமிஷம் யாரும் நகரவில்லை. இரவு ஷிப்டில் முப்பது நாற்பது பேர் எழுந்து, சாப்பிடாமல் வெளியே போனார்கள். அண்ணி அவர்களைத் தடுக்கவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நின்றாள். கருந்தாடி போகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் முதலில் வந்து நின்றார். ஒரு வாய் குடித்தார்.

"உப்பு கரிக்குது" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். "அரைக் கைன்னு சொன்னேன்ல?"

கூடம் சிரித்தது. வரிசை நகர்ந்தது.

எட்டு மணிக்கு ரொட்டிக்காரரிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்டு முன்கேட் வழியாகவே கிளம்பினோம். இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். எதிரே ஒரு ஆள் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தான். அண்ணி அவனையே பார்த்தாள். நான் நடுவில் போய் நின்று மறைத்தேன். இரண்டாவது பஸ் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றது. இறங்கி ஓடினோம். ஒன்பது இருபத்தாறுக்கு எக்ஸ்ரே பிரிவு ஜன்னலில் சீட்டை நீட்டினேன்.

டெக்னீஷியன் சீட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "போன தடவை ரொட்டியோட வந்தீங்களே, அந்தம்மாதானே? இன்னைக்கு?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு அரை டம்ளர் சூப். அதுக்கப்புறம் பச்சைத் தண்ணி இல்லை" என்றாள் அண்ணி.

"வேற எதுவும்? வாயில எதுவும் படலையே?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மூன்று மாதம் பொய் சொல்லி, இன்று காலை அதை உடைத்துவிட்டு வந்தவள். இங்கே வந்து புதிதாக ஒன்று ஆரம்பிக்க வேண்டாம்.

"காலையில கரண்டி உதட்டுல பட்டுடுச்சு" என்றேன். "துப்பிட்டாங்க. கொப்பளிச்சாங்க. நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன்."

"இருங்க" என்று உள்ளே போனார். நாலு நிமிஷம் வரவில்லை. அந்த நாலு நிமிஷத்தில் அண்ணி நாற்காலியின் கையை விடவே இல்லை. நான் சுவரில் இருந்த 'அமைதி காக்கவும்' பலகையை நூறு தடவை படித்தேன்.

திரும்பி வந்தார். "முழுங்கலைன்னா பரவாயில்லைன்னு டாக்டர் சொல்றார். உடை மாத்துங்க. நகை, ஹேர்பின், ஹூக், எதுவும் இருக்கக் கூடாது."

துணித் திரைக்குப் பின்னால் அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் போட்டாள். கழுத்துச் சங்கிலி. தோடு. ஏழு ஹேர்பின். கடைசியில், அங்கிப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பூன்.

"இது எதுக்கு?"

"ருசி பாக்கற ஸ்பூன். எப்பவும் என்கிட்டதான் இருக்கும்."

"சீட்டை ஒட்டிட்டு இதையும் பையில வெச்சுக்கிட்டு நின்னீங்களா? நல்லா இருக்கு உங்க விரதம்!"

முதுகில் நாடா கட்டும் ஆஸ்பத்திரி உடையில் அவள் சின்னப் பெண் போல் இருந்தாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்தும் அதை நான் பார்க்கவில்லை. நாடாவைக் கட்டும்போது என் விரல் வழுக்கியது. எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து கோபமும் வந்தது.

"அந்தக் கடுதாசி போட்டவங்க மட்டும் என் கையில கிடைக்கட்டும் அண்ணி. ரொட்டி அடுப்புலயே வெச்சுச் சுட்டுடுவேன். உங்களை இந்த நிலைமையில அத்தனை பேர் முன்னாடி நிக்க வெச்சுட்டாங்களே. கேன்டீன்ல பாதிப் பேர் இன்னும் நான்தான்னு நினைக்கறாங்க. நீங்களும் நினைக்கறீங்களோ என்னவோ."

"நான் நினைக்கலை."

"எப்படித் தெரியும்?"

டெக்னீஷியன் கூப்பிட்டார். உள்ளே குளிர்ந்தது. நெட்டுக்குத்தாக நின்ற ஒரு மேஜை, அதன் அடியில் கால் வைக்க ஒரு படி, எதிரே திரை. அண்ணி படியில் ஏறி நின்றாள். கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். சுண்ணாம்பு கரைத்தது போல் கெட்டியான வெள்ளை. அவள் பழக்க தோஷத்தில் முகர்ந்து பார்த்தாள்.

"இதுல உப்பே போடலை போலிருக்கே."

"இது சமையல் இல்லைம்மா" என்று சிரித்தார் டெக்னீஷியன். "நான் சொன்னதும் ஒரு வாய். மெதுவா. நிறுத்தச் சொன்னா நிறுத்தணும். திரும்பச் சொன்னா இடது பக்கம் திரும்பணும்." என்னைப் பார்த்தார். "நீங்க வெளியே இருங்க. கதவைச் சாத்தணும்."

நான் வாசலில் நின்றேன். அந்தக் கனத்த கதவு மெதுவாக நகர ஆரம்பித்தது.

"எப்படித் தெரியும்னு கேட்டேனே அண்ணி!"

"இவ ஒருத்தி, நிமிஷம் பொறுக்க மாட்டா" என்றாள். பிறகு டெக்னீஷியனிடம், "ஒரே ஒரு நிமிஷம் தம்பி" என்றாள். கதவு நின்றது.

"மேனேஜருக்கு என்னைக்காவது ஒரு நாள் தெரிஞ்சிருக்கும்டி. தெரிஞ்சா என்ன பண்ணியிருப்பான்? ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒரு தாளை நீட்டியிருப்பான். அந்த ரூம்ல நான் ஒத்தை ஆளு. பயந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். போட்டுட்டு வீட்டுல உக்காந்து, உங்கிட்டகூடச் சொல்லாம, இந்த டெஸ்ட்டுக்கும் வராம இருந்திருப்பேன். அந்தக் கூடத்துல கேட்டாத்தான் எனக்குப் பதில் வரும். இன்னைக்கே கேக்கணும், அவங்க முன்னாடி கேக்கணும். யாராவது கேக்க வைக்கணும்ல?"

"அதுக்காக? யாரு கேக்க வெச்சது?"

அவள் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனாள். இந்தத் தடவை யாரும் அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை.

"நாளைக்குக் கூடத்துல எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன். ரொட்டிக்காரர் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்" என்றாள். "அந்தக் கடுதாசியை எழுதினது நான்தான்."